தமிழ் பேசும் கணினி முகங்கள்: அசைவூட்டத்தில் தரவு அகழ்வும் செயற்கை நுண்ணறிவும்

1. முன்னுரை

இலண்டன் நகருக்கு மேற்கே அமைந்த பைன்வுட் படப்பிடிப்பு வளாகத்தில் 2012ஆம் ஆண்டு ஒரு தமிழ்த் திரைப்படத்திற்கான அசைவுப் பதிவு நடைபெற்றது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் 2014 மே 23 அன்று வெளியான 'கோச்சடையான்' என்பதே அப்படம். நடிகர்கள் குறியீட்டுப் புள்ளிகள் பொருத்திய உடையணிந்து நடித்தனர். அப்புள்ளிகளின் இயக்கத்தைப் பல ஒளிப்படக் கருவிகள் ஒருங்கே பதிந்தன. பதிவான எண்களைக் கொண்டு கணினியில் உருவங்கள் இயக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு மறைந்த நடிகர் நாகேஷின் உருவமும் அப்படத்தில் மீளுருவாக்கம் பெற்றது. தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இது துணிவான முயற்சி என்பதில் ஐயமில்லை. எனினும் உடல்களின் அசைவில் தெரிந்த இயல்பு முகங்களிலும் உதடுகளிலும் போதிய அளவு வாய்க்கவில்லை என்று பார்வையாளர் பலர் கருதினர்.

இக்குறையைப் பொருட்செலவு, காலநெருக்கடி ஆகியவற்றோடு மட்டும் தொடர்புபடுத்துவது போதாது. நடத்தலும் ஓடுதலும் மொழிக்கு மொழி பெரிதும் மாறுவதில்லை. பேசும் வாயோ மொழிக்குக் கட்டுப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு வாயசைவைத் தானே உருவாக்கித் தரும் நிலை வந்துள்ளது. அந்நுண்ணறிவு எந்த மொழியினரின் வாய்களைக் கண்டு கற்றது, அவ்வாறு கற்றதைத் தமிழுக்குப் பொருத்தும்போது எவ்விடங்களில் பிழை நேரும், அப்பிழையைக் களையத் தமிழ் இலக்கண மரபும் ஒலியியலும் எவ்வாறு துணைசெய்யும் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கணினித் துறையில் பயிற்சியில்லாத தமிழாய்வாளரும் பின்தொடரும் வண்ணம் அடிப்படைகள் முதலில் விளக்கப்படுகின்றன.

2. அசைவு தரவாக மாறிய வரலாறு

அனிமேஷன் என்று திரைத்துறையினர் வழங்கும் அசைவூட்டம், அசையா உருவங்களை விரைந்து அடுத்தடுத்துக் காட்டிக் கண்ணுக்கு இயக்கமாகத் தோற்றுவிக்கும் கலையாகும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டகங்கள் ஓடுகின்றன. கையால் வரைந்த காலத்தில் தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவியாளர் நிரப்புவர். கணினி முதலில் அந்த உதவியாளரின் பணியையே மேற்கொண்டது. இரு நிலைகளுக்கு இடையே உள்ள தொலைவைக் கணித்து நிரப்புவதே அதன் வேலையாக இருந்தது.

மோஷன் கேப்சர் எனப்படும் அசைவுப் பதிவு பரவியபின் நிலைமை மாறியது. உண்மையான மனிதரின் அசைவுகள் எண்வரிசைகளாகக் குவிந்தன. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 2605 பதிவுகள் அடங்கிய அசைவுத் தொகுப்பு ஒன்றை எவரும் பயன்படுத்துமாறு திறந்து வைத்தது. குவிந்த பதிவுகளில் வேண்டியதைத் தேடி எடுப்பது எவ்வாறு என்னும் வினா அதன்பின் எழுந்தது. தரவு அகழ்வு அசைவூட்டத்திற்குள் நுழைந்தது இவ்வழியிலேயே.

தரவு அகழ்வு என்பது பெருந்தொகையான பதிவுகளில் மறைந்து கிடக்கும் ஒழுங்குகளைக் கணிதமுறையால் கண்டெடுத்தல் ஆகும். லூகாஸ் கோவர், மைக்கேல் கிளைச்சர், ஃபிரெடெரிக் பிகின் ஆகியோர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட அசைவு வலையமைப்பு முறை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வெவ்வேறு பதிவுகளில் உடல்நிலை ஒத்திருக்கும் கணங்களைக் கணினி தேடிக் கண்டறிகிறது. ஒத்த கணங்களில் ஒரு பதிவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ இயலும். இவ்வாறு பழைய பதிவுகளைக் கோத்துப் புதிய நீண்ட அசைவு ஆக்கப்படுகிறது. 2017ஆம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டேனியல் ஹோல்டன் குழுவினர் அடுத்த படிக்குச் சென்றனர். அவர்களது நரம்பியல் வலையமைப்பு பதிவுகளிலிருந்து நடையின் ஒழுங்கைக் கற்று, மேடு பள்ளத்திற்கு ஏற்பப் புதிய நடையைத் தானே ஆக்கியது. முன்னைய முறை சேமித்ததைத் தேடி எடுக்கிறது. பின்னையது சேமித்ததிலிருந்து கற்றுப் புதிதாக ஆக்குகிறது. இவ்விரு முறைகளுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு: தரவில் இல்லாத ஒன்றை இவை நம்பத்தகுந்த முறையில் தர இயலாது. முகத்தை நோக்கும்போது இவ்வெல்லையின் விளைவு தெளிவாகிறது.

3. முகம், வாய், ஒலி

1978ஆம் ஆண்டு பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் முகத் தசைகளின் இயக்கங்களைக் கூறுகளாகப் பிரித்துக் குறிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். புருவம் உயர்தல், உதட்டின் ஓரம் இழுபடுதல், தாடை இறங்குதல் போன்றவை தனித்தனிக் கூறுகள். இன்றைய கணினி முகங்களும் இத்தகைய அடிப்படை வடிவங்களின் கலவையால் இயங்குகின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசி மென்பொருள் 52 அடிப்படை வடிவங்களைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் ஒவ்வொரு வடிவமும் எவ்வளவு கலக்க வேண்டும் என்று முடிவு செய்வதே முக அசைவூட்டம்.

பேசும் வாயைப் பொறுத்தவரை இம்முடிவு ஒலியைச் சார்ந்தது. 1968ஆம் ஆண்டு கிளீட்டஸ் ஃபிஷர் 'விசீம்' என்னும் கலைச்சொல்லை உருவாக்கினார். காதால் கேட்கும் ஒலியின் அடிப்படை அலகு ஒலியன் ஆவது போலக் கண்ணால் காணும் வாய்நிலையின் அடிப்படை அலகு விசீம். இக்கட்டுரையில் இது வாய்வடிவம் எனப்படும். ஒலியன்கள் பல ஒரே வாய்வடிவத்தில் அடங்கும். 'மனம்', 'மணம்' ஆகிய சொற்களைக் காதால் வேறுபடுத்தலாம். உதட்டை மட்டும் பார்ப்பவர் வேறுபடுத்த இயலாது.

காட்சி ஒலிக்கு வெறும் அணியன்று. 1976ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'ba' என்னும் ஒலியைத் தமிழில் 'ப' வரிசையில் வைத்தெழுதுவோம். அவ்வொலியை, 'க' வரிசை ஒலியைச் சொல்லும் முகத்தோடு இணைத்துக் காட்டியபோது பார்த்தவர் பலர் 'ட' போன்ற மூன்றாவது ஒலியைக் கேட்டதாகக் கூறினர். கண் காண்பது காது கேட்பதை மாற்றுகிறது. ஆகவே தவறான வாய்வடிவம் அழகுக் குறையாக மட்டும் நின்றுவிடுவதில்லை; கேட்கும் ஒலியையும் குலைக்கக்கூடும்.

ஒலியையும் வாய்வடிவத்தையும் இணைக்கும் முறைகள் மூன்று கட்டங்களில் வளர்ந்தன. முதற்கட்டம் அட்டவணை. 1999ஆம் ஆண்டளவில் உருவான எம்பெக்-4 தரநிலை 14 வாய்வடிவங்களை வரையறுத்தது. இரண்டாம் கட்டம் ஒலிகளின் ஒன்றன்மேலொன்றான தாக்கத்தைக் கணக்கில் கொண்டது. 'கூடு' என்று சொல்லத் தொடங்கும்போதே, ககரம் ஒலிக்கும் முன்னரே, உதடு ஊகாரத்திற்காகக் குவிந்துவிடுகிறது. மைக்கேல் கோஹனும் டொமினிக் மசாரோவும் 1993ஆம் ஆண்டு இதற்கான கணிதச் சார்புகளை முன்வைத்தனர். மூன்றாம் கட்டம் கற்றல். ஒலிப்பதிவையும் முகப்பதிவையும் இணையாகக் கொடுத்தால் நரம்பியல் வலையமைப்பு இரண்டுக்குமுள்ள உறவைத் தானே கற்கிறது. 2017ஆம் ஆண்டு என்விடியா ஆய்வாளர் ஒரே நடிகரின் மூன்று முதல் ஐந்து நிமிடப் பதிவைக் கொண்டே இதைச் செய்துகாட்டினர். 2019ஆம் ஆண்டு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் 12 பேரின் ஏறத்தாழ 29 நிமிட முப்பரிமாண முகப்பதிவுகளை வெளியிட்டனர். அவை ஆங்கில வாக்கியங்கள்.

இந்தியாவிலிருந்து வந்த பங்களிப்பு தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஹைதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தினர் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட 'வேவ்டூலிப்' என்னும் முறை, எந்தக் காணொளியில் உள்ள வாயையும் எந்த ஒலிக்கும் ஏற்ப அசைக்கவல்லது. எம்மொழிக்கும் பொருந்தும் என்பது அதன் நோக்கம். அது பயின்ற தரவோ ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலிருந்து தொகுத்த ஆங்கிலப் பேச்சு. இந்திய மொழிகளில் மொழிமாற்றம் செய்ய இந்திய ஆய்வாளர் படைத்த கருவியும் பிரித்தானிய ஆங்கிலம் பேசிய வாய்களையே ஆசிரியராகக் கொண்டது.

4. ஆங்கில வாய்வடிவத்தில் அமர்ந்த தமிழ்

மனித வாயின் அமைப்பு ஒன்றே. ஆகவே ஒரு மொழியில் கற்றது மற்றொன்றுக்குப் பெருமளவு உதவும் என்ற வாதம் ஏற்கத்தக்கதே. பகரத்திற்கு எம்மொழியிலும் உதடு மூடும். ஆகாரத்திற்கு வாய் திறக்கும். ஆயினும் தமிழின் ஒலியமைப்பில் இவ்வுதவி தவறான வழியில் இட்டுச்செல்லும் இடங்கள் சில உள்ளன. அவற்றுள் ஆறு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது ரகர றகரங்கள். ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்தின் ஒலி உதடு சற்றுக் குவிந்து பிறக்கிறது. எம்பெக்-4 அட்டவணையில் அதற்கெனத் தனி வாய்வடிவமே உண்டு. தமிழின் 'மரம்', 'கறி' ஆகிய சொற்களில் நா நுனி அண்ணத்தைத் தொட்டு மீள்கிறது. உதட்டுக்கு அதில் பங்கில்லை. ஆங்கில அட்டவணையைப் பயன்படுத்தும் முகம் 'கறி' என்னும்போது உதட்டைக் குவிக்கும்.

இரண்டாவது ழகரம். ரோமன் எழுத்தில் 'இசட் எச்' என்று எழுதிக் கணினிக்குக் கொடுத்தால், 'மெஷர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நடுவொலியாக அது கொள்ளப்பட்டு உதடு முன்தள்ளும். எழுத்தைத் தவிர்த்து ஒலியை நேரே கொடுத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ழகரத்திலும் ஆங்கில 'ஆர்' ஒலியிலும் மூன்றாவது ஒலிச்செறிவு தாழ்வதால் இரண்டும் ஒலியளவில் நெருங்கியவை. அத்தாழ்வைக் குவிந்த உதட்டோடு சேர்த்துக் கற்ற வலையமைப்பு ழகரத்திற்கும் உதட்டைக் குவிக்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தும்.

மூன்றாவது வகரம். தமிழ் வகரம் மேற்பல்லும் கீழுதடும் நெருங்கப் பிறப்பது. 'வா', 'வீடு' ஆகியவற்றை ஆங்கில 'டபிள்யூ' ஒலியாகக் கொள்ளும் மென்பொருள் உதட்டை வட்டமாக்கிவிடும்.

நான்காவது இரட்டித்தல். 'அப்பா' என்னும் சொல்லில் உதடு மூடி நிற்கும் காலம் 'சபா' என்னும் சொல்லில் உள்ளதைவிட நீண்டது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் நடுவே மெய்யின் நீளம் பொருள் வேறுபாடு செய்வதில்லை. நொடிக்கு 24 சட்டகங்கள் எனில் ஒரு சட்டகத்தின் காலம் ஏறத்தாழ 42 மில்லிநொடி. அந்நீளத்தில் ஓரிரு சட்டகங்கள் குறைந்தாலும் 'அப்பா' என்று சொல்லும் முகம் வேறொரு சொல்லைச் சொல்வது போலத் தோன்றும்.

ஐந்தாவது குற்றியலுகரம். 'நாடு', 'பாக்கு', 'மூக்கு' ஆகியவற்றின் ஈற்றுகரம் உதடு குவியாமல் ஒலிக்கிறது. 'பசு', 'குரு' போன்றவற்றின் உகரம் குவிந்து ஒலிக்கும். எழுத்தில் இரண்டும் ஒன்றே. எழுத்தைப் படித்து வாயசைக்கும் கருவி எல்லா உகரத்திற்கும் உதட்டைக் குவிக்கும். தமிழ் உரையில் ஏறத்தாழ ஒவ்வொரு வரியிலும் இப்பிழை நேரும்.

ஆறாவது இரட்டை வழக்கு. 'பெண்' என்னும் எழுத்து வழக்கில் உதடு விரிகிறது. தமிழகப் பேச்சில் 'பொண்ணு' ஆகும்போது குவிகிறது. 'பிள்ளை' தமிழகப் பேச்சில் 'புள்ள' ஆகிறது. யாழ்ப்பாணப் பேச்சில் 'பிள்ளை'யாகவே நிற்கிறது. 'மரம்' என்பதன் ஈற்று மகரத்தில் எழுத்து வழக்கு உதட்டை மூடச் சொல்கிறது. தமிழகப் பேச்சில் அது மூக்கொலி கலந்த உயிராகி, உதடு மூடாமலே முடிகிறது. ஒரே வசன வரியைச் சென்னையில் வளர்ந்த பாத்திரமும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பாத்திரமும் பேசும்போது வாய்கள் வேறுபடவேண்டும். வசனத் தாளிலிருந்து வாயசைவை ஆக்கும் கருவிக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

5. இலக்கண மரபு தரும் துணை

ஒலிகளை அவை பிறக்கும் உறுப்பின் அடிப்படையில் வகைப்படுத்தும் பணியைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியலிலேயே செய்திருக்கிறது. அவ்வியலை அசைவூட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் பயன்மிக்க ஓர் உண்மை கிடைக்கிறது. உயிர் 12இல் அகர ஆகாரங்கள் வாய் திறத்தலால் பிறப்பன. இ, ஈ, எ, ஏ, ஐ ஆகிய ஐந்தும் அத்திறப்போடு நாவிளிம்பு பல்லைச் சாரப் பிறப்பன. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தும் இதழ் குவியப் பிறப்பன. மெய் 18இல் இதழுக்குப் பங்குண்டு என்று சொல்லப்படுபவை மூன்றே: இரு இதழும் இயையும் பகர மகரங்களும், பல்லும் இதழும் இயையும் வகரமும்.

வாய்வடிவ அட்டவணைக்கு இதுவே நல்ல தொடக்கம். உயிரில் மூன்று, மெய்யில் இரண்டு என ஐந்து அடிப்படை இதழ்நிலைகள் கிடைக்கின்றன. எஞ்சிய 15 மெய்களுக்குத் தமக்கென இதழ்வடிவம் இல்லை. அவை தம்மைச் சார்ந்த உயிரின் இதழ்வடிவத்தையே ஏற்கின்றன. 'கூ'வின் ககரம் குவிந்த இதழிலும் 'கீ'யின் ககரம் விரிந்த இதழிலும் ஒலிப்பது இதனாலேயே. ரகர றகர ழகரங்களுக்குத் தனி உதட்டுக் குவிவு தேவையில்லை என்பதும் இவ்வட்டவணையிலிருந்து தானே பெறப்படுகிறது. தகர நகரங்களிலும் லகரத்திலும் நா நுனி பல்லிடையே சிறிது தோன்றுவதால், நாவின் நிலையைத் தனிக்கூறாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குற்றியலுகரத்தைச் சார்பெழுத்தாகப் பிரித்து, அது வரும் இடங்களையும் இலக்கணம் வரையறுத்துள்ளது. தனிக்குறிலை அடுத்து வரும் வல்லின உகரம் குறுகாது. நெடிலை அடுத்தும் பல எழுத்துகளை அடுத்தும் சொல்லிறுதியில் வருவது குறுகும். இது சில வரிகளில் எழுதத்தக்க கணினி விதி. மாத்திரைக் கணக்கும் அத்தகையதே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்திற்கும் அரை என்னும் விகிதங்கள் சட்டகங்களைப் பங்கிடுவதற்கான முதல் மதிப்பீடாக அமையும்.

இலக்கணம் இன்றைய பேச்சை அளந்து எழுதப்பட்டதன்று என்பதையும் மறத்தலாகாது. ஒரு மெய் உண்மையில் எத்தனை மில்லிநொடி நீடிக்கிறது, 'பசு'வின் உகரம் இன்று எவ்வூரில் எவ்வளவு குவிகிறது என்பன அளந்து அறியவேண்டியவை. எவற்றை அளக்கவேண்டும் என்று இலக்கணம் சொல்லும். அளந்து விடை தருவது தரவு அகழ்வின் பணி. விதியையும் கற்றலையும் எதிரெதிராக நிறுத்தாமல், குறைந்த தரவிலேயே கற்கும்படி கருவிக்கு விதியை வழிகாட்டியாகக் கொடுப்பது தமிழ் போன்ற மொழிகளுக்கு உகந்த நெறியாகும்.

6. தமிழ் வாய்த்தரவுக்கான முன்மொழிவு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கும் ஏஐ4பாரத் முதலிய குழுக்களின் முயற்சியால் தமிழ் ஒலித்தரவு அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளது. இப்போது வேண்டுவது ஒலியும் முகமும் இணைந்த தரவு. அதன் அளவு அச்சுறுத்துவதன்று. மேலே கண்ட 12 பேர், 29 நிமிடம் என்னும் அளவே ஒரு துறையை முன்னெடுக்கப் போதுமானதாக இருந்தது.

இத்தொகுப்பு மூன்று அடுக்குகள் கொண்டதாக அமைவது நன்று. முதலடுக்கில் மேற்கண்ட ஆறு சிக்கல்களையும் தனித்துக் காட்டும் சொல்லிணைகள் இடம்பெறும். இரண்டாம் அடுக்கில் படித்துச் சொல்லும் வாக்கியங்கள். மூன்றாம் அடுக்கில் இருவர் இயல்பாக உரையாடும் பேச்சு. பேசுவோர் சென்னை, மதுரை, கோவை, குமரி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களோடு இலண்டனில் பிறந்து வளர்ந்தோரையும் உள்ளடக்க வேண்டும். ஆங்கிலத்தில் 500 தனிச்சொற்களைக் கொண்டு தொகுத்த முன்மாதிரி உண்டு. தமிழுக்கு அது பொருந்தாது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ஒரு வினையடியே எண்ணற்ற வடிவங்கள் கொள்வதால், சொல்லை விடுத்து அசையையும் ஒலிச்சேர்க்கையையும் அலகாகக் கொண்டு வாக்கியங்களைத் தெரிவு செய்யவேண்டும்.

பதிவின்பின் அகழ்வு தொடங்கும். ஒலியை எழுத்துப்பெயர்ப்போடு நேர நிரல்படுத்தி, ஒவ்வோர் ஒலியன் தோன்றும் சட்டகங்களையும் கணினி குறிக்கும். அச்சட்டகங்களின் முக அளவுகளை ஒப்புமை அடிப்படையில் குழுக்களாகப் பிரிக்கும். அக்குழுக்கள் இலக்கணம் தரும் ஐந்து நிலைகளோடு எங்கே ஒத்துச் செல்கின்றன, எங்கே விலகுகின்றன என்று ஆய்வாளர் நோக்கவேண்டும். விலகும் இடங்கள் தமிழ் ஒலியியலுக்கே புதிய செய்தி தரும். இறுதியில், ஆக்கிய முகங்களை ஒலி நீக்கிக் காட்டி, 'பெண்' என்கிறதா 'பொண்ணு' என்கிறதா என்று தமிழ் பேசுவோரைக் கேட்டுத் தேர்வு செய்யலாம். உதடு பார்த்துப் பேச்சை அறியும் செவிக்குறையுடையோர் இத்தேர்வுக்கு மிகச் சிறந்த நடுவராவர்.

இலண்டன் இப்பணிக்குப் பொருத்தமான இடங்களுள் ஒன்று. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941ஆம் ஆண்டு இந்நகரிலிருந்தே தொடங்கியது. இன்று பிபிசி தமிழ் காணொளிச் செய்திகளையும் வெளியிடுகிறது. ஆங்கில நிகழ்ச்சிகள் ஆய்வு உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டது போலத் தமிழ்க் காணொளிகளும் வழங்கப்படுமாயின் எழுத்து வழக்குக்குரிய அடுக்கு விரைவில் நிறையும். செய்தி வாசிப்பு பேச்சு வழக்கைத் தராது என்பதால் ஏனைய அடுக்குகளைத் தனியே பதிவு செய்வது இன்றியமையாதது. இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டோர் 1,00,000க்கும் மேற்பட்டவர் என்று 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு காட்டுகிறது. அவர்களுள் பல வட்டாரத்தாரும் அடங்குவர்.

அசைவூட்டத் தொழிலும் இவ்விரு நிலங்களை இணைக்கிறது. 1998ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய டபுள் நெகடிவ் என்னும் காட்சி விளைவு நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஓர் இந்தியக் குழுமத்தோடு இணைந்து, டிஎன்இஜி என்னும் பெயரில் இன்று சென்னையிலும் இயங்குகிறது. கருவி தரும் முதல் வரைவைத் திருத்தி முடிக்கும் கலைஞருள் தமிழரும் பலர். எந்தச் சட்டகத்தில் உதடு தவறுகிறது என்பதை அவர்களின் கண் அறியும். அவர்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் கருவிக்கு மீளக் கற்பிக்கத்தக்க தரவாகும்.

7. உரிமையும் ஒப்புதலும்

முகமும் குரலும் ஒருவரின் உடைமை. 2022ஆம் ஆண்டு பிரித்தானிய நடிகர் சங்கமான ஈக்விட்டி, செயற்கை நுண்ணறிவு நடிகரின் உழைப்பைப் பறிப்பதற்கு எதிராக இயக்கம் தொடங்கியது. தமிழ்த் திரையுலகிலும் இவ்வினா எழுந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு 'லால் சலாம்' படத்தின் ஒரு பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலித்தன. குடும்பத்தாரின் இசைவு பெற்றே அவ்வாறு செய்ததாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். அதே ஆண்டு 'தி கோட்' படத்தில் மறைந்த நடிகர் விஜயகாந்தின் உருவம் தோன்றியது. பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடிருப்போரின் தரவையே காக்கிறது. மறைந்தோரைப் பொறுத்தவரை குடும்பத்தாரின் இசைவும் தொழில்நெறியுமே வேலி.

ஆகவே முன்மொழியும் தொகுப்பில் ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலம் ஒப்புதல் பெறவேண்டும். எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது தமிழிலேயே தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். பங்கேற்றவர் விரும்பும்போது விலகும் உரிமையும் வேண்டும். பொதுவெளியில் கிடைக்கும் காணொளிகளைக் கேளாமல் திரட்டுவது எளிது. அவ்வாறு திரட்டிய தொகுப்பைப் பல்கலைக்கழகமும் நூலகமும் நெடுங்காலம் காத்து வழங்க இயலாது என்பதை நடைமுறைக் காரணமாகவும் கொள்ளலாம்.

8. முடிவுரை

இலண்டனில் 2017ஆம் ஆண்டு தோன்றிய சிந்தீசியா நிறுவனம், 2019இல் கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் ஒன்பது மொழிகளில் மலேரியா ஒழிப்பு வேண்டுகோள் விடுப்பது போன்ற காணொளியை உருவாக்கப் பங்களித்தது. இந்தி அவ்வொன்பதில் ஒன்று, தமிழ் இல்லை. இன்று நிலைமை மாறித் தமிழ் பேசும் கணினி முகங்கள் பெருகுகின்றன. பாடம் சொல்லும் முகம், மருத்துவ அறிவுரை கூறும் முகம், சிறுவர் கதை சொல்லும் முகம் எனப் பல வருகின்றன. அம்முகங்களைப் பார்த்துத் தமிழ் கற்கும் குழந்தைகள் புலம்பெயர் நாடுகளில் ஏராளம். வீட்டில் தாத்தா பாட்டியின் வாயைப் பார்த்து ழகரத்தைக் கற்கும் வாய்ப்பில்லாத குழந்தைக்குத் திரையில் தெரியும் வாயே ஆசிரியர். அந்த வாய் 'தமிழ்' என்று சொல்லும்போது உதட்டைக் குவித்தால் குழந்தையும் குவிக்கும்.

இதனைத் தடுப்பதற்குப் பெருநிறுவனங்களின் முதலீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சில பத்துப் பேரின் ஒப்புதலுடன் கூடிய பதிவு, ஒலியியல் அறிந்தோரின் குறிப்பு, பிறப்பியல் தரும் வகைப்பாடு, அசைவூட்டக் கலைஞரின் கண் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தால் தொடக்கம் கைகூடும். தமிழியல் துறைகளும் கணினித் துறைகளும் கூட்டாக ஒரு சிறு தொகுப்பை உருவாக்கி, ஆய்வாளர் யாவரும் பயன்படுத்தத்தக்க வகையில் ஆய்வு நூலகங்களில் வைப்பது இம்மாநாட்டின் முடிவுகளுள் ஒன்றாக அமையவேண்டும் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை.